போட்டியில் தோற்றேன், இனி எனக்கு மேடை உண்டா?

கேள்வி: எனக்கு 25 வயது. ஆறு வயதில் பியானோ கற்க ஆரம்பித்து, இசைக் கல்லூரியில் முதுகலை முடித்து இரண்டு வருடம் ஆகிறது. மூன்று சர்வதேசப் போட்டிகளுக்குப் போனேன். இரண்டில் முதல் சுற்றோடு திரும்பிவிட்டேன். மூன்றாவதில் மொசார்ட் சொனாட்டா வாசிக்கும்போது நடுவில் மறந்துபோய் நின்றுவிட்டேன். அன்றிலிருந்து மேடை என்றாலே கை நடுங்குகிறது. இப்போது குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பாதிக்கிறேன். ஒரு வயலின் கலைஞர் தன்னோடு பிராம்ஸின் டி மைனர் சொனாட்டா வாசிக்கக் கூப்பிடுகிறார். போனால் பக்கவாத்தியக்காரி என்ற முத்திரை விழுந்துவிடுமோ என்று தயங்குகிறேன். வலது கைச் சுண்டுவிரல் பக்கம் அவ்வப்போது வலியும் இருக்கிறது. போட்டிகளின் வயது வரம்பைத் தாண்ட இன்னும் நாலைந்து வருடம்தான். நான் கச்சேரிக் கலைஞராக முடியுமா, இல்லை வேறு வேலை பார்த்துக்கொள்வது நல்லதா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

போட்டி, மறதி எல்லாவற்றையும் அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த விரல். போகிற போக்கில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். உங்கள் வயதில் நானும் அப்படித்தான் இருந்தேன். கை வலித்தால் சாதகம் நன்றாக நடக்கிறது என்று அர்த்தம் செய்துகொள்வேன். மாணவர்கள் கூடினால் யாருக்கு எங்கே வலிக்கிறது என்பதைப் பெருமையாகவே பேசிக்கொள்வோம். அசட்டுத்தனம்.

பியானோ கலைஞர் லியான் ஃப்ளைஷர் 1952-ல் பிரஸ்ஸல்ஸில் எலிசபெத் அரசி போட்டியில் முதல் பரிசு வாங்கியவர். 36 வயதில் அவருடைய வலது கை மோதிர விரலும் சுண்டுவிரலும் தாமாகவே உள்ளங்கைப் பக்கம் சுருண்டுகொள்ள ஆரம்பித்தன. மூளையிலிருந்து விரலுக்குப் போகும் கட்டளை குழம்பிவிடுகிற ‘ஃபோக்கல் டிஸ்டோனியா’ அது. சுமார் முப்பது வருடம் அவர் இடது கைக்கென்று எழுதப்பட்டவற்றை வாசித்தார், கற்பித்தார், ஆர்கெஸ்ட்ராக்களை நடத்தினார். 1990-களின் நடுவில்தான், போடாக்ஸ் ஊசியின் உதவியோடு, இரண்டு கையாலும் மேடைக்கு வந்தார். உங்களுக்கு வந்திருப்பது அதுதான் என்று பயமுறுத்தவில்லை. டிஸ்டோனியாவில் பெரும்பாலும் வலியே இருக்காது. ஆனால் கை என்பது நாம் நினைத்தபடியெல்லாம் வேலை வாங்கக்கூடிய அடிமை இல்லை. இசைக் கலைஞர்களின் கைகளைப் பார்த்துப் பழகிய மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள். கையை அகல விரித்து அடிக்க வேண்டிய ஆக்டேவ் பகுதிகளை அவர் சொல்லும்வரை தொடாதீர்கள். இன்னொன்று, சாதகம் செய்யும்போது ஒரு கண்ணாடியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுண்டுவிரலை எட்டவைக்க மணிக்கட்டை வெளிப்பக்கம் ஒடித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. கையையே நகர்த்தினால் விரலை இழுக்க வேண்டியிருக்காது.

சரி, போட்டிக்கு வருவோம்.

நான் சில போட்டிகளில் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். முதல் சுற்றில் நடப்பதை உள்ளபடி சொல்கிறேன். காலையில் வருகிறவரின் முதல் சுரத்தையே காது கூர்ந்து கேட்கும். பிற்பகல் மூன்று மணிக்கு, அதே ஷோப்பான் எட்யூடை (பயிற்சி உருப்படியை) எட்டாவது ஆள் வாசிக்கும்போது, எங்கே தப்பு வருகிறது என்று மட்டும்தான் காது தேடும். அந்த எட்டாவது ஆள் நீங்களாக இருந்திருக்கலாம். உங்கள் வாசிப்பில் குறையே இல்லை என்று சமாதானம் சொல்லவில்லை. நான் கேட்டதில்லை, எனக்குத் தெரியாது. ஆனால் முதல் சுற்றில் விழுந்த மதிப்பெண்ணைத் தலையெழுத்தாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆல்ஃப்ரெட் பிரெண்டல் 1949-ல் புசோனி போட்டியில் வாங்கியது நான்காம் பரிசு. 2008 டிசம்பரில் வியன்னாவில் விடைபெறும்வரை அறுபது வருடம் மேடையில் இருந்தார். 1980-ல் வார்சாவின் ஷோப்பான் போட்டியில் ஈவோ பொகொரெலிச்சை இறுதிச் சுற்றுக்கு அனுப்பாமல் வெளியேற்றினார்கள். அதை எதிர்த்து மார்த்தா ஆர்கெரிச் நடுவர் குழுவிலிருந்தே விலகினார். அந்த வருடம் முதல் பரிசு வாங்கியவரை விட, வெளியேற்றப்பட்டவரைத்தான் உலகம் அதிகம் பேசியது. எரிக் லு அதே போட்டியில் 2015-ல் நான்காவது. பத்து வருடம் கழித்து மறுபடி போய், 2025-ல் முதல் பரிசோடு வந்தார்.

அதற்காக ஜெயித்தவர்களுக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. 1958-ல் மாஸ்கோவில் சைக்கோவ்ஸ்கி போட்டியில் வென்றபோது வான் கிளைபர்னுக்கு 23 வயது, ஒரே வாரத்தில் உலகப் புகழ். இன்று அவர் பெயரில் நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் போட்டியில் பதக்கத்தோடு மூன்று வருடக் கச்சேரி ஏற்பாடும் கிடைக்கிறது. என் கணக்கில் பணத்தை விட அதுதான் பெரிய பரிசு. ஆனால் அந்த மூன்று வருடம் முடியும்போது அடுத்த வெற்றியாளர் வாசலில் நிற்பார். முதல் அழைப்பைப் போட்டி வாங்கித் தரும், ஏஜென்ட் வாங்கித் தருவார், தெரிந்தவர் வாங்கித் தருவார். அதே அரங்கம், அதே ஆர்கெஸ்ட்ரா உங்களை இரண்டாவது முறை கூப்பிடுகிறதா? இந்தத் தொழில் அந்த இரண்டாவது அழைப்பில்தான் ஓடுகிறது. முப்பது வருடமாக நான் சாப்பிடுவது அதில்தான்.

இரண்டாவது அழைப்பு எதனால் வருகிறது என்று கேட்டால், வாசிப்பு நன்றாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம். அதற்கு மேல் முக்கியமானது தயாராக இருப்பது.

1963 ஜனவரியில் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் கச்சேரிக்கு வரவேண்டிய பியானோ கலைஞர் கிளென் கூல்டுக்கு உடம்பு சரியில்லை. கண்டக்டர் லியனார்ட் பெர்ன்ஸ்டைன் 16 வயது ஆந்த்ரே வாட்ஸைக் கூப்பிட்டார். பையன் இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் லிஸ்டின் முதல் கன்செர்ட்டோவை (தனிக் கலைஞரும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பது) வாசித்தார், வாழ்க்கை மாறிவிட்டது. முப்பத்தாறு வருடம் கழித்து, 1999-ல், ராவினியா விழாவில் வாசிக்க வேண்டிய அதே ஆந்த்ரே வாட்ஸுக்கு உடம்பு சரியில்லை. கடைசி நேரத்தில் சிகாகோ சிம்ஃபனியோடு சைக்கோவ்ஸ்கி முதல் கன்செர்ட்டோ வாசிக்க வந்தவர் 17 வயது லாங் லாங். இதை அதிர்ஷ்டக் கதையாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். அழைப்பு வந்த அன்று அந்தக் கன்செர்ட்டோ விரலில் இல்லாதவர்களின் கதை யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அவர்கள் “மன்னிக்கவும்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள். அப்படி ஒருமுறை வைத்தவர்களில் நானும் ஒருவன்.

அன்றைக்கு ஒரு நோட்டு வாங்கினேன். இன்றும் என்னிடம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த உருப்படிகளை எல்லாம் அதில் மூன்று விதமாகப் பிரித்து எழுதி வைத்தேன்: கேட்டால் நாளைக்கே வாசிக்கக்கூடியது, இரண்டு வாரம் வேண்டியது, இரண்டு மாதம் வேண்டியது. எழுதி முடித்தபோது முதல் பக்கத்தில் ஒரே ஒரு கன்செர்ட்டோ இருந்தது. வெட்கமாகப் போய்விட்டது. நீங்களும் இன்று ராத்திரி எழுதிப் பாருங்கள். போட்டிக்காகத் தயார் செய்கிறவர்களுக்கு ஒரு ஆபத்து உண்டு. ஒரே ஒன்றரை மணி நேரச் சரக்கை மூன்று வருடம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். அது பளபளவென்று இருக்கும், வேறு எதுவும் இருக்காது. இன்னும் இரண்டு வருடத்தில் மொசார்ட்டில் இரண்டு, பீத்தோவனில் ஒன்று, பெரிய ரொமான்டிக் கன்செர்ட்டோ ஒன்று என்று குறைந்தது நாலு, நோட்டின் முதல் பக்கத்துக்கு வந்துவிட வேண்டும். கூடவே முழு நீளத் தனிக் கச்சேரிக்கு இரண்டு வெவ்வேறு நிகழ்ச்சி. வயதைப் பற்றிக் கவலை வந்தால் ரஹ்மானினோவை நினைத்துக்கொள்ளுங்கள். 1917 கடைசியில் ரஷ்யாவை விட்டு வெளியேறியபோது அவருக்கு 44 வயது. அதுவரை தன் இசையை வாசிக்கிற இசையமைப்பாளர்தான். குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று மற்றவர்களின் கிருதிகளை உட்கார்ந்து கற்றுக்கொண்டு, மேடைப் பியானோ கலைஞராக இன்னொரு வாழ்க்கையைத் தொடங்கினார். அவர் அசாதாரணமானவர், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 25-ஐக் கிழவயது என்று எழுதாதீர்கள், எனக்கு இங்கே சிரிப்பு வருகிறது.

கச்சேரி நாள் எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைக் கல்லூரியில் யாரும் சொல்லித் தருவதில்லை. வயலின்காரர் தன் வயலினைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கச்சேரி கிராண்ட் ஒன்பதடி நீளம், கிட்டத்தட்ட அரை டன் எடை. பியானோ மேதை ஹோரோவிட்ஸ் தன் பியானோவையே ஊர் ஊராகக் கொண்டுபோனார். நீங்களும் நானும் ஹோரோவிட்ஸ் இல்லை. அரங்கத்தில் என்ன நிற்கிறதோ அதுதான். அதோடு பழக இரண்டு மணி நேரம் கிடைத்தால் அதிகம், அதிலும் பாதியைச் சுருதி சேர்ப்பவருக்கு விட வேண்டும்.

ஒரு சிறிய அரங்கில் ஸ்கார்லாட்டியின் கே 141 வாசிக்க வேண்டியிருந்தது. ஒரே சுரத்தை விரல் மாற்றி மாற்றிப் படபடவென்று அடிக்கிற சொனாட்டா. பியானோவில் ஒரே ஒரு கட்டை மட்டும் மூன்றாவது அடியில் மௌனமாகிவிடும். எனக்கு வியர்த்துவிட்டது. பியானோ டெக்னீஷியன் வயதானவர். நான் புலம்பியதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், “வாசிச்சுக் காட்டுங்க” என்றார். வாசித்தேன். முன்பக்கத்து மரப்பட்டையைக் கழற்றி, 88 கட்டைகளையும் சுத்தியல்களையும் தாங்கிய சட்டத்தை அப்படியே மேஜை இழுப்பறை மாதிரி வெளியே இழுத்தார். ஒரு கொக்கியால் மெல்லிய ஸ்பிரிங் ஒன்றைத் துளி நெம்பினார். உள்ளே தள்ளினார். “இப்பப் பாருங்க” என்றார். ஒலித்தது. அப்புறம் சொன்னார்: “கட்டை முழுசா மேலே வர்றவரைக்கும் காத்திருக்காதீங்க. பாதி வந்தாலே சுத்தியல் மறுபடி அடிக்கும்.” பியானோ தயாரிப்பாளர் செபாஸ்டியன் எரார் உருவாக்கி, 1821-ல் காப்புரிமை பெறப்பட்ட அமைப்பு அதற்காகத்தான் இருக்கிறது. பதினைந்து வருடம் பியானோ வாசித்த எனக்கு அதை விரலில் காட்டியவர் அவர்தான். கச்சேரி முடிந்ததும் முதல் வேலையாக அவரைத் தேடிப் போய் நன்றி சொன்னேன். இரண்டு வருடம் கழித்து அதே அரங்கத்திலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. என்னைக் கூப்பிடலாம் என்று சொன்னது அந்த டெக்னீஷியன் என்று அமைப்பாளர் பிறகு சொன்னார்.

இனி, மறதி.

நீங்கள் நின்றது எந்த மொசார்ட் சொனாட்டாவில் என்று எழுதவில்லை. எங்கே நின்றிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன்: முதல் பகுதி மறுபடி திரும்பி வரும் இடம். நான் எஃப் மேஜர் சொனாட்டாவில், கே 332-ல், அந்த இடத்தில்தான் மாட்டினேன். முதல் முறை போன வழியும் இரண்டாம் முறை போக வேண்டிய வழியும் தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். முச்சந்தி வந்தது, விரல் பழக்கதோஷத்தில் பழைய பக்கமே திரும்பிவிட்டது. வீட்டுக்கு, அதாவது எஃப் மேஜருக்கு, வந்து சேர வேண்டியவன் மறுபடி சி மேஜரில் போய் நின்றேன். நிறுத்த முடியாது. நடுப்பகுதி முழுவதையும் இன்னொரு தடவை வாசித்துச் சுற்றிக்கொண்டு வந்து, இரண்டாம் முறை கண்ணை அகல விரித்துச் சரியான பக்கம் திரும்பினேன். சபையில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. முன்வரிசையில் ஒருவர் புன்னகைத்தார், அதை இன்னும் மறக்கவில்லை.

விரல் மட்டும் மனப்பாடம் செய்திருந்தால் இதுதான் நடக்கும். விரலுக்கு வழி தெரியும், ஊர் தெரியாது. இரண்டு இடத்தையும் இசைக்குறிப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தச் சுரத்தில் பிரிகின்றன என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பியானோவை விட்டு எழுந்து நாற்காலியில் உட்கார்ந்து, முழு சொனாட்டாவையும் மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். எங்கே மங்குகிறதோ அங்கேதான் மேடையிலும் மங்கும். ஒவ்வொரு பகுதியிலும் ஏழெட்டு இடங்களைக் குறித்து வைத்து, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அங்கிருந்து ஆரம்பிக்க முடிகிற மாதிரிப் பழகுங்கள். மரியா ஜுவாவ் பிரெஷ் ஆம்ஸ்டர்டாமில் ஒரு மதிய நிகழ்ச்சியில் வேறொரு மொசார்ட் கன்செர்ட்டோவுக்குத் தயாராகி வந்து உட்கார்ந்தார். ஆர்கெஸ்ட்ரா டி மைனர் கன்செர்ட்டோவை ஆரம்பித்தது. அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள், முகம் இடிந்துபோகிறது. கண்டக்டர் ரிக்கார்டோ ஷாயி வாத்தியங்களை நடத்திக்கொண்டே, உங்களால் முடியும் என்று தைரியம் சொல்கிறார். தன் முறை வந்தபோது பிரெஷ் வாசித்தார். பியானோ நுழையும் முன்னால் அந்தக் கன்செர்ட்டோவில் ஆர்கெஸ்ட்ராவின் முன்னுரை இரண்டு நிமிடத்துக்கு மேல் இருக்கிறது. அதில் யாராலும் ஒரு கன்செர்ட்டோவைக் கற்றுக்கொள்ள முடியாது. எப்போதோ ஆழமாகப் பதிந்தது மேலே வந்தது.

போட்டிகளில் பெரும்பாலும் மனப்பாடமாகத்தான் வாசிக்கச் சொல்வார்கள், அதற்குத் தப்ப வழியில்லை. மற்றபடி பார்க்காமல் வாசிப்பது ஒன்றும் அனாதி காலத்துச் சட்டமில்லை. லிஸ்டும் கிளாரா ஷூமானும் 19-ஆம் நூற்றாண்டில் பரப்பிய வழக்கம். ஸ்வியாதோஸ்லாவ் ரிக்டர் கடைசி வருடங்களில் இருட்டான மேடையில் ஒரு சிறு விளக்கைப் போட்டு, புத்தகத்தைப் பார்த்தே வாசித்தார். யாரும் டிக்கெட்டைத் திருப்பிக் கேட்கவில்லை.

நடுக்கம் போகாது, பழகும். கிளென் கூல்ட் 31 வயதில் மேடையை விட்டே போனார். ஹோரோவிட்ஸ் 1953-லிருந்து பன்னிரண்டு வருடம் மேடை ஏறவில்லை. ஆர்கெரிச் 1980-களிலிருந்து தனிக் கச்சேரியைப் பெரும்பாலும் தவிர்த்து, மற்றவர்களோடு சேர்ந்தே வாசிக்கிறார். மேடை அவர்களுக்கே இப்படி இருந்திருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது, வாரம் ஒருமுறை மூன்று பேரை உட்காரவைத்து ஒரே நிகழ்ச்சியை முழுக்க வாசிப்பது. மூன்று பேர் போதும், ஆனால் நடுவில் நிறுத்தக்கூடாது.

பணம் பற்றிச் சுருக்கமாக. கச்சேரித் தொகையில் ஏஜென்ட் பொதுவாக 15 முதல் 20 சதவீதம் எடுத்துக்கொள்வார். பல சமயம் பயணமும் தங்குவதும் உங்கள் செலவு. பெரிய அரங்கங்கள் ஒன்றரை, இரண்டு வருடம் முன்னால் தேதி குறிக்கும், பணமோ வாசித்த பிறகுதான் வரும். நடுவில் உடம்பு சரியில்லையென்றால் ஒன்றும் கிடையாது. ஆகவே குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைத் தோல்வியின் அடையாளம் மாதிரி எழுதாதீர்கள். ஒன்பது வயதில் மேடை ஏறிய கிளாரா ஷூமான், 1878-லிருந்து ஃபிராங்க்ஃபர்ட் இசைப்பள்ளியில் கற்பித்தார், மேடையையும் விடவில்லை. எனக்குத் தெரிந்த கச்சேரிக் கலைஞர்களில் கற்பிக்காதவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

வேறு வேலை பார்க்கலாமா என்றால், ஒன்றே ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். அடுத்த ஆறு மாதத்துக்கு ஒரு கச்சேரியும் இல்லை, யாரும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்த நாளில், காலையில் நீங்களாகப் போய் பியானோ முன் உட்காருகிறீர்களா? இந்த வாழ்க்கையில் பெரும்பகுதி அந்த அறைதான். கைதட்டல் ஒரு வருடத்துக்குச் சேர்த்துப் பார்த்தால் அரைமணி நேரம் இருக்கும். கச்சேரி முடிந்து, தனியாக அறைக்கு வந்து, காலுறையைக் கழற்றிக்கொண்டே மூன்றாம் பக்கத்தில் விட்ட ஒரு சுரத்தை நினைத்துக்கொண்டிருக்கிற ராத்திரிகள் நிறைய உண்டு. இது பிடிக்காமல் போட்டி மட்டும் பிடித்திருந்தால், வேறு வேலைக்குப் போவதில் எந்த இழிவும் இல்லை. என்னோடு படித்த மிகத் திறமையான இருவர் அப்படிப் போனார்கள், நிம்மதியாக இருக்கிறார்கள். அறை பிடித்திருந்தால் இருங்கள். முப்பது வயது வரைக்கும் வருடத்துக்கு ஒரு போட்டிக்கு மேல் போகாதீர்கள். பரிசுத் தொகையைப் பார்க்காமல், பிறகு எத்தனை கச்சேரி தருகிறார்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

வயலின்காரருக்கு இன்னும் பதில் சொல்லாமல் வைத்திருக்கிறீர்கள் போல. பக்கவாத்தியம் என்ற சொல்லே அங்கே பொருந்தாது. பிராம்ஸ் அதற்கு வைத்த தலைப்பைப் பாருங்கள், ‘பியானோவுக்கும் வயலினுக்குமான சொனாட்டா’. பியானோதான் முதலில் இருக்கிறது. முதல் பகுதியின் நடுவில் உங்கள் இடது கை ஒரே ‘ஏ’ சுரத்தைப் பக்கம் பக்கமாக விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும், அதன் மேலேதான் இருவரும் நிற்கிறீர்கள். தனியாக மேடையில் நடுங்குகிற கைக்கு, பக்கத்தில் ஒருவர் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டிருப்பது எவ்வளவு பலம் என்பது வாசித்தால் தெரியும். புத்தகமும் முன்னால் விரித்திருக்கும். நாளைக்கே போன் செய்து ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் முதல் ஒத்திகையை, மருத்துவர் சுண்டுவிரலைப் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், கடைசிப் பகுதி கைக்கு ஓய்வே தராது.